மடிப்பில் வந்த பிளவு

எந்த வரைபடம் மேசைக்கு வந்தாலும் கோட்டு அக்கா முதலில் அதன்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பாள். நிலவியல்காரர்கள் மலை மலையாக ஏறி இறங்கிப் பென்சிலால் வரைந்த தாள்கள் அவை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்ததில் மழையும் மண்ணும் பட்டு நைந்திருக்கும். பாறை எங்கே மாறுகிறது, தரை எங்கே பிளந்திருக்கிறது என்று காட்டும் கோடுகளை மவுஸால் பின்தொடர்ந்து கணினிக்குள் கொண்டுவருவதுதான் அவள் வேலை. அழுக்கேறிய மடிப்பும் கண்ணுக்குக் கோடு போலவே தெரியும். தொட்டால்தான் பள்ளம் தட்டும்.

அதைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தெரியாது. அந்தப் பெயரே அதனால் வந்ததுதான்.

கணவன் இறந்த மாதமே வேலைக்குத் திரும்பி வந்தாள். அழுகை வரவில்லை. சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று நாத்தனார் காதுபடச் சொன்னாள். அதுவும் உறைக்கவில்லை. வந்த அன்றைக்கு ஒரு தாளைத் தொட்டுப் பார்க்காமலே வரைந்து முடித்தாள்.

அதைச் சரிபார்க்க, மலையில் வரைந்தவரே வந்தார். அலுவலகத்தில் அவர் சுத்தியல் சார்.

"ஏம்மா, ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி ஒரு பிளவா? பூமி எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுது?"

பக்கத்து மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் பாக்கெட் மடிப்பும்மா அது! நேரா அணைக்கு அடியில போகுது. அச்சாகியிருந்தா என் கதை கந்தல்."

மேலாளர் சிரிக்கவில்லை. "அக்கா, கொஞ்ச நாள் ஸ்கேன் ரூமுக்குப் போங்க. கோடு போடறதைப் பக்கத்து மேசைத் தங்கச்சி பாத்துக்கட்டும்."

"அட, ஒரு மடிப்புக்கா இவ்வளவு?" என்றார் சுத்தியல் சார். அவள் பக்கம் திரும்பினார். "மாட்டேன்னு சொல்லும்மா. நான் இருக்கேன்ல."

இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி அவளுடையது. அது அவளுக்கும் தெரிந்தது. யாரோ இன்னொருத்திக்கு நடப்பதுபோல் இருந்தது.

"சரி சார், போறேன்" என்றாள்.

கொஞ்ச நாள் என்றது இரண்டு வருடமாகிவிட்டது. கண்ணாடிமேல் தாளை விரிக்கிறாள், மூடுகிறாள், வெளிச்சம் ஓடி முடிந்ததும் எடுத்து வைக்கிறாள். கோடுகளைப் பக்கத்து மேசைப் பெண் போடுகிறாள், நன்றாகவே போடுகிறாள். திரும்பக் கூப்பிடுவதாக யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.