மயில்கழுத்துக்கு எத்தனை மார்க்?

என் பழைய போனுக்கு எமனாக வந்தது ஒரு அரக்குச் சேலை. நான் சேலை விற்பது வாட்ஸ்அப் குழுவில். நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊரிலிருந்து சேலை வரும். பென்னாகரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் விரித்துப் படம் எடுத்துக் குழுவில் போடுவேன். பிடித்தவர்கள் ‘எனக்கு’ என்று எழுதுவார்கள், பார்சல் பஸ் ஏறிவிடும். அந்த அரக்குச் சேலையை என் போன் மிளகாய்ப்பழச் சிவப்பாகக் காட்டியிருக்கிறது. வாங்கிய பெண் திருப்பி அனுப்பியதோடு விட்டாரா? “இந்தக்கா போட்டோவ நம்பி எடுக்காதீங்க” என்று குழுவிலேயே பேசிப் போட்டுவிட்டார். எனக்கு வந்ததே கோபம். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அதன் பிறகு நான் போட்ட படங்களுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பொம்மிடியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். மகளுக்குக் கல்யாணம், பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி மயில்கழுத்து நிறத்தில் சேலை கட்டப்போகிறார்களாம். “மொதல்ல போட்டோ அனுப்பும்மா. கலரு புடிச்சாத்தான் மத்த பேச்சு” என்றார். மயில்கழுத்து லேசுப்பட்ட நிறம் இல்லை. நீள இழையான பாவு ஒரு நிறம், குறுக்கிழையான ஊடை ஒரு நிறம். மடிப்பு அசைந்தால் நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். அரக்கையே சொதப்பிய போன் இதை என்ன பாடு படுத்துமோ. இந்தக் கல்யாணச் சேலையும் திரும்பி வந்தால் குழுவைக் கலைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். புது போன் வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் கொழுந்தனாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. போன் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். எந்த நிபுணர் எந்தக் கேமராவுக்கு எத்தனை மார்க் போட்டார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். விஷயம் காதில் விழுந்ததும் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

“அண்ணி, நீங்க ஒன்னும் யோசிக்க வேணாம். எல்லாருமே இதுக்குத்தான் மொத ரேங்க் குடுத்திருக்காங்க. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்” என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

“கண்ண மூடிக்கிட்டு வாங்கறதுக்கு கேமரா எதுக்கு தம்பி? கண்ணத் தொறந்துகிட்டே பாக்கலாம், வாங்க” என்று மயில்கழுத்துச் சேலையைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தருமபுரி வரை பஸ்ஸில் அவர் மார்க் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிற வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கடையில் முதல் ரேங்க் போனைக் கையில் கொடுத்த விற்பனைப் பெண், அதிலேயே என் முகத்தைப் படம் பிடித்துக் காட்டினார். பத்து வயது குறைந்திருந்தது. கன்னத்தில் இருந்த கருந்திட்டைக் காணோம். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் என் முகத்தையே மாற்றுகிற போன் சேலையை மட்டும் சும்மா விடுமா என்று அப்போதே ஒரு சந்தேகம்.

சேலைக்கடையில் நாம் என்ன செய்வோம்? உள்ளே எரிகிற குழல்விளக்கை நம்பாமல் சேலையை வாசலுக்குத் தூக்கி வந்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தானே பில் போடச் சொல்வோம். அதே பழக்கத்தில் போனையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். மேசையோடு கட்டியிருந்த ஒயர் இழுபட்டு, கடையே அதிர்கிற மாதிரி சங்கு ஊதியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

முதலாளி ஓடி வந்தார். “போன வெளிய கொண்டு போகக் கூடாதுங்க.”

“அப்ப வெயில உள்ள கொண்டு வாங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

கடைசியில் கொழுந்தனார் சேலையைத் தோளில் விரித்துக்கொண்டு வாசல் வெயிலில் நிற்பது, நான் உள்ளே இருந்தபடி ஒயர் எட்டும் தூரத்தில் படம் எடுப்பது என்று முடிவானது. பாவம், கூச்சத்தில் நெளிந்தார். “முந்திய நல்லா விரிங்க தம்பி” என்று நான் உள்ளே இருந்து சத்தம் போட, வேடிக்கை பார்த்த ஒரு அம்மாவே வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு குஷி.

முதல் ரேங்க் போனில் சேலை விளம்பரப் பலகை நீலத்தில் பளபளத்தது. பார்க்க அழகு, ஆனால் நான் கொண்டுவந்த சேலை அது இல்லை. இரண்டாவது ரேங்கில் வெளுத்துப்போனது. மூன்றாவதில் எடுத்ததும் என் வாயிலிருந்து “இதான், இதான்” என்று வந்துவிட்டது. மடிப்பின் மேட்டில் நீலம், பள்ளத்தில் பச்சை. உள்ளது உள்ளபடி இருந்தது.

“அண்ணி, இதுக்கு ராத்திரி போட்டோவுல மார்க் கம்மிங்க.”

“ராத்திரியில நான் சேலை விரிக்கறனா தம்பி?”

அவர் முகம் சுருங்கியது. நிபுணர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருட்டு, தூரம், ஓடுகிற குழந்தை என்று அவர்கள் பார்த்தவற்றுக்கு நியாயமாகத்தான் மார்க் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலால்தான் கடையில் இருந்த அத்தனையில் மூன்றைப் பார்த்தால் போதும் என்று ஆயிற்று. ஆனால் மயில்கழுத்துக்கு யாரும் மார்க் போடவில்லையே. அதை நான்தான் போட்டாக வேண்டும்.

மூன்றாவது போனையே வாங்கி வந்து, மறுநாள் காலை மொட்டைமாடியில் படம் எடுத்துப் பொம்மிடிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. “ஏம்மா, நான் கேட்டது மயில்கழுத்து. நீ கிளிப்பச்ச அனுப்பியிருக்கியே.”

என் போனில் பார்த்தேன், சரியாக இருந்தது. கொழுந்தனாருக்கு அனுப்பினேன், “சரியாத்தானே இருக்குதுங்க” என்றார். பக்கத்தில் இருந்த கணவரின் போனில் திறந்தால் அதே சேலை பச்சையடித்துக் கிடந்தது. கண் கூசுகிறது என்று அவர் திரையை மஞ்சளாக மாற்றி வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆக, நான் எவ்வளவு நல்ல கேமரா வாங்கினாலும் பார்க்கிறவர் போனில் அல்லவா என் மானம் இருக்கிறது. பொம்மிடி அம்மாவிடம் “உங்க போனுதான் சரியில்ல” என்று சொல்ல முடியுமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றுதானே நினைப்பார்.

அடுப்படிக்குப் போய்க் காபிக்குப் பால் பாக்கெட்டை எடுத்தேன். வெட்டக் கத்திரிக்கோலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீலப் பாக்கெட். இதே நீலம் பொம்மிடியிலும் இருக்கும், அரூரிலும் இருக்கும். காபியாவது ஒன்றாவது என்று மாடிக்கு ஓடினேன். சேலை மேல் பாக்கெட்டை வைத்துப் படம் எடுத்து அனுப்பி, “உங்க வூட்டுப் பால் பாக்கெட்ட போனுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க” என்று பேசியும் அனுப்பினேன்.

“எங்க வூட்டுல நீலப் பாக்கெட்டு. நீ பச்சப் பாக்கெட்டா வாங்கற?” என்று கேட்டார்.

“இதுவும் நீலந்தாங்க” என்றேன்.

அந்தப் பக்கம் “அடிப் பொண்ணே, இந்தப் போன என்னான்னு பாரு” என்று அவர் மகளைக் கூப்பிடுவது கேட்டது. மகள் எதையோ மாற்றியிருக்க வேண்டும். “இப்ப ரெண்டு பாக்கெட்டும் ஒன்னாத்தான் இருக்குது. சேலையும் நல்லாருக்கு. ஆனா நேர்ல ஒன்னு பாத்துட்டுத்தான் சொல்லுவன்” என்றார்.

அடுத்த நாள் நானே சேலையை எடுத்துக்கொண்டு பொம்மிடிக்குப் போனேன். அவர் பஸ் நிற்கும் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார். வணக்கம்கூடச் சொல்ல விடவில்லை, சேலையை வாங்கி வெயிலுக்குக் கொண்டுபோய் உதறினார். போனைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். பிறகு முந்தானையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“எல்லாருக்கும் இதே எடு” என்றவர், கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அன்னைக்கு அரக்குச் சேலையத் திருப்பி அனுப்புனாளே, அவ என் தங்கச்சிதான். உன்கிட்ட வாங்க வேணாம்னு என்கிட்டயும் ஒத்தக்கால்ல நின்னா. நேத்து நீ அனுப்பின போட்டோவ, அவளும் பாலு பாக்கெட்டோட வெச்சுப் பாத்தா” என்றார்.

“என்ன சொன்னாங்க?” என்றேன்.

“அவளுக்கும் சேத்து எடுக்கச் சொன்னா.”