மலையில் எடுத்துவைத்த சாமை

கள்ளக்குறிச்சியில் சத்துணவு ஆக்குகிற கிருபாவதியைக் கேட்டால், கும்பிடுகிறவளுக்கு லீவே கிடையாது என்பாள். சொல்வதோடு நிற்கிற ஆளுமில்லை. வீட்டில் உலை கொதிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியே எடுத்துவைப்பாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களுடைய வேதக்கோயிலில் அந்த அரிசியை ஏலம் விடுவார்கள். பணம் காணிக்கைக்கு, அரிசி ஏலம் எடுத்தவர் வீட்டுக்கு. இருபத்தாறு வருஷமாக அந்தப் பிடியை அவள் மறந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த எண்பத்தேழாம் வருஷம், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, நான்கு நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கல்வராயன் மலைக்குப் போனாள். முன்பு அவளோடு சத்துணவில் வேலைபார்த்த ஜெயம்மாளின் வீடு அங்கே இருந்தது. போன அன்றே, உலையில் போட வைத்திருந்த சாமையில் ஒரு பிடி எடுத்துத் துணிப்பையில் போட்டாள்.

"இன்னாக்கா, இங்கியுமா?" என்று சிரித்தாள் ஜெயம்மாள்.

மூன்றாம் நாள், இடஒதுக்கீடு கேட்டுக் கீழே மறியல் தொடங்கியது. சாலை நெடுக மரத்தை வெட்டிப் போட்டதில் பஸ் நின்றுபோனது. அரிசி வாங்க இறங்கிய ஜெயம்மாளின் புருஷன் சடையனும் கீழேயே மாட்டிக்கொண்டான். வீட்டிலிருந்த சாமையை வைத்து இரண்டு பெண்களும் நாளைத் தள்ளினார்கள். சனிக்கிழமை ராத்திரி பானையைக் கவிழ்த்துத் தட்டியாயிற்று.

மிச்சம், உலைக்கு ஒரு பிடியாகத் துணிப்பையில் சேர்ந்திருந்ததுதான். ஜெயம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிருபாவதிக்கோ அதைத் தொட மனசு வரவில்லை. கடவுளுக்கென்று எடுத்தது, திரும்ப எடுத்தால் இருபத்தாறு வருஷமும் பொய்யாகிவிடும். ஆனால் தன்னை உட்காரவைத்துச் சோறு போட்டவளைப் பட்டினி போட்டுவிட்டு என்ன ஜெபம்? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு விடிந்ததும் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து தனி ஆளாகப் பாடினாள், ஜெபித்தாள். ஆமென் சொன்ன கையோடு சட்டென்று எழுந்தாள். கோயிலில் செய்வதை இங்கேயும் செய்தால் என்ன?

"ஜெயா, வா. ஏலம் கேளு."

"வெளையாடுறியாக்கா? ஏங்கிட்ட ஏது துட்டு?"

"ஒண்டியாளு ஏலம் கேக்க முடியாதுடி. சும்மானா கேளு."

"எட்டணா!"

"ஒரு ரூவா."

"ரெண்டு ரூவா!" வெறும் கையை வைத்துக்கொண்டு ஜெயம்மாளுக்கு வேகம் பிடித்துவிட்டது.

"அஞ்சு ரூவா. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" முந்தானை முடிச்சிலிருந்த ஐந்து ரூபாயை எடுத்துக் காணிக்கைக்கென்று தனியே முடிந்துகொண்டு, சாமையை ஜெயம்மாளின் முறத்தில் கொட்டினாள் கிருபாவதி.

"பஸ்ஸுக்கு வச்சிருந்த துட்டாச்சேக்கா. ஊருக்கு எப்டிப் போவ?"

"பஸ்ஸே ஓடல, பஸ்ஸுக்கு இன்னாத்துக்கு துட்டு? நடந்துக்கினே போறேன்."

உலை கொதித்தது. கிருபாவதி முறத்தைத் தூக்கினாள். கை வழக்கம்போல ஒரு பிடிக்குப் போய், அப்படியே நின்றது. இருப்பதே ஒரு வேளைக்கு, இதிலும் எடுப்பதா? வேண்டாம், இன்றைக்கு ஒருநாள் போகட்டும் என்று முறத்தைச் சாய்க்கப் போனாள்.

ஜெயம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு அக்கா. உங்க சாமிக்கு எடுக்காம கொட்டுறியே" என்று தானே ஒரு பிடி அள்ளித் துணிப்பையில் போட்டாள். கிருபாவதியின் பிடியைவிட அது பெரிய பிடி.