பலாமர ஸ்டூல்

பூந்தமல்லியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், வெள்ளைக்காரன் காலத்திலேயே தச்சு வகுப்பு உண்டு. தச்சு வாத்தியார் ஆவடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்; தற்காலிக நியமனம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ‘திருப்தி’ என்று எழுதினால்தான் வேலை நிலைக்கும். அவர் பார்வைக்காக ஆளுக்கொரு ஸ்டூல் செய்யச் சொல்லி, பள்ளிக் கையிருப்பிலிருந்து மாம்பலகை கொடுத்தார்கள்.

என் ஸ்டூல் ஆடியது. ஒரு காலைச் சீவினேன். வேறு பக்கம் ஆடியது.

“நொண்டிக் கழுத கூட இத்தவிட நல்லா நிக்கும்டா,” என்றான் பக்கத்துப் பையன்.

வாத்தியார் மட்டும், “ஆடட்டும்டா, நீ பண்ணதுதானே,” என்றார்.

என் ஸ்டூலால் அவர் வேலை போய்விடும் என்று எனக்குப் பயம். பெரியப்பாவிடம் போய் அழுதேன்.

“இதுக்கா அழுவுற? நம்ம ஊட்டு மானம் நாலு கால்ல நிக்குதுன்னு சொல்லு,” என்று சிரித்தவர், திருமழிசை ஆசாரியிடம் ஒரு ஸ்டூல் செய்து வாங்கிவிட்டார். பார்வை நாள் காலையில் அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் என் இடத்தில் வைத்தேன். என்னுடையதைப் பெஞ்சுக்கடியில் தள்ளினேன்.

மாணவர் பார்வைக்கு வைப்பதை மாணவரே செய்திருக்க வேண்டும் என்பது விதி. அது ஆடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருட உத்தியோகம் தேவைப்பட்டது.

இன்ஸ்பெக்டர் பெரியப்பாவின் ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்த்தார். மஞ்சளாக மின்னியது.

“இது பலா. கையிருப்பில் மாமரம் மட்டும்தானே இருக்கிறது? யார் செய்தது?”

நான் வாயைத் திறந்தேன். வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார்.

“நான் பண்ணதுங்க, ஐயா. பசங்களுக்கு மாதிரி காட்ட.”

இன்ஸ்பெக்டர் முகம் மாறாமல் ஏதோ குறித்துக்கொண்டார். ‘விளக்கம் கேட்கவும்’ என்றுதான் இருக்கும். அதே முகத்தோடு நானும் பின்னாளில் பலருக்கு எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடினேன். “பெரிப்பா, நம்ம ஸ்டூல வாத்தியார் தன்னுதுன்னு சொல்லிட்டாரு!”

“அட, திருட்டு வாத்தி!” என்றார் பெரியப்பா.

அடுத்த மாதம் வாத்தியார் உளிப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளியை விட்டுக் கிளம்பினார். வாசலில் என்னைப் பார்த்து நின்று, ஆடும் ஸ்டூலை நீட்டினார்.

“இந்தா, உன்னுது. ஊட்டுக்கு எடுத்துகினு போ.”

பொய் சொன்னவரிடம் எதையும் வாங்குவதில்லை என்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றேன்.