நீலத் திரையில் ஒரு ‘நோ’

எங்கள் வீட்டில் ‘இல்லை’ என்ற சொல்லே ஆகாது. அரிசி தீர்ந்துபோனால் “அரிசி நிறைஞ்சிருக்குங்க” என்பார் அம்மா. அதைக் கேட்டதும் அப்பா பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். அதே மரியாதையைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோனது என் கெட்ட நேரம்.

தாய்மாமன் எங்கள் மலைமேல் செம்மேட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். நாமக்கல்லில் வாங்கிய பழைய பெட்டியை மலைப்பாதையின் அத்தனை வளைவுகளிலும் மடியைவிட்டு இறக்காமல் பஸ்ஸில் கொண்டுவந்தவர். இன்டர்நெட்டுக்கான மோடம் அட்டையைச் சொருகி, போன் வயரை மாட்டி, பிளஸ் டூ ரிசல்ட் இங்கேயே பார்க்கலாம் என்று போர்டும் எழுதிவிட்டார்.

ரிசல்ட்டுக்கு முதல் நாள் மத்தியானம், ஆறாவது படித்த என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். பெட்டியை உயிர்ப்பித்ததும் அவர் ஒரு பொத்தானை அழுத்த, நீலத் திரை வருவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அழுத்தினேன். நீளமான ஆங்கில வரி ஒன்றின் கடைசியில் ‘நோ’ என்றிருந்தது. புதுக் கடையில் இப்படியொரு சொல்லா என்று ‘யெஸ்’ ஆக்கிச் சேமித்துவிட்டு, பெட்டியை அணைத்தேன். மாமாவுக்கு நல்லது செய்த பெருமையில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வளப்பூர் நாட்டு மலையூர்களிலிருந்து ஆட்கள் நம்பர்ச் சீட்டோடு வந்துவிட்டார்கள். மோடம் மூச்சுவிடவில்லை. மாமா அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

“ஏனுங்க, வருமுங்களா?” என்றார் ஒரு பெண்ணின் அப்பா.

“சித்த இருங்க, வந்துருமுங்க.”

பிறகு மாமா என்னைத் தனியே அழைத்தார். “நேத்து எதையாச்சும் மாத்துனியா, கண்ணு? சொல்லு சாமி.”

“இல்லீங்க மாமா.”

ரிசல்ட் பார்க்க எல்லோரும் மத்தியான பஸ்ஸில் மலையிறங்கிப் போனார்கள். அதன்பின் அந்தக் கடையை யாரும் நம்பவில்லை. தை பிறக்குமுன் மாமா கடையை மூடிவிட்டு மிளகுக் காட்டுக்கே திரும்பினார்.

இதே தொழிலுக்கு வந்தபின்தான் எனக்கு விளங்கியது. அட்டைகளைச் சிஸ்டமே அமைத்துக்கொள்ளுமா என்று கேட்டது அந்த நீலத் திரை வரி. பெட்டியில் முதலில் கண்விழிக்கும் அடிப்படை நிரல், ‘யெஸ்’ என்பதைக் கண்டு, அட்டையை அமைக்கும் வேலையை மேலே ஓடும் சிஸ்டத்துக்கு விட்டுவிட்டது. மாமாவின் பழைய சிஸ்டத்துக்கோ அந்த வேலையே தெரியாது. மற்றவள் உப்புப் போட்டிருப்பாள் என்று இரண்டு ஓரகத்திகளும் இறக்கிவைத்த குழம்பு அது.

மாமா கேட்டது, அடிப்பதற்கு முன் கேட்கிற கேள்வி என்றுதான் அன்று பயந்தேன். அவரோ பழுது எங்கே என்று என்னிடம் வழி கேட்டிருக்கிறார். ஒரு ‘ஆமாங்க’ போதும், அரை நிமிடத்தில் சரிசெய்திருப்பார். வீட்டில் ஒருநாளும் சொல்லாத சொல்லை அவரிடம் போய்ச் சொன்னேன்.