விறகோடு போன யாழ்ப்பாணப் பயணம்

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஆறு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை பெற்றது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்று கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனாலும் நாங்கள் பஸ் பிடித்து ஒரு வாரம் யாழ்ப்பாணம் போய்வந்த கதையை வேறு யாராவது எழுதினால், விறகைச் சொல்லிச் சிரித்துவிட்டு முடித்துவிடுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

சண்டை நின்று யாழ்ப்பாண ரோடு திறந்த மறுவருஷம் அது. நமுனுகுல மலைச் சரிவில் எங்கள் தோட்டம். அதுவரை எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்குப் பயணம் என்றால் கதிர்காமம்தான். சாமான் வாங்கப் பதுளை, கலியாணப் புடவைக்குப் பண்டாரவளை. கடலைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். யாழ்ப்பாணம் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். நல்லூர்த் தேர், நயினாதீவுக்கு வள்ளம், கீரிமலையில் குளிப்பு என்று எல்லாருக்கும் ஆசை காட்டினேன். எனக்கு இருந்த காரணம் வேறு.

அதற்கு இருபது வருஷத்துக்கு முன், கலவரம் முடிந்த கையோடு பல குடும்பங்கள் வன்னிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின. என் தங்கையின் புருஷனும் புறப்பட்டார். லொறி வந்து நின்ற அன்று அவர்களுடைய இரண்டு வயதுப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை போட்ட பிள்ளையை வாசல் தாண்டித் தூக்க மாட்டோம். “தலைக்குத் தண்ணி ஊத்துனதும் வந்து தூக்கிக்கிறேன்க்கா” என்று சொல்லிவிட்டுத் தங்கை லொறியில் ஏறினாள். நாங்கள் தண்ணீர் ஊற்றினோம். அவளால் வர முடியவில்லை. முதலில் காசு இல்லை, பிறகு ரோடு இல்லை.

பிள்ளை என் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தாள். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். பெற்றவள் எங்கே இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும், நான் மறைக்கவில்லை. பள்ளிக்கூடம் முடித்து, வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ரோடு திறந்ததும் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. கிளிநொச்சிக்குக் கிட்ட இருக்கிறாளாம். “ஒரு தடவை பிள்ளை முகத்தைக் காட்டுக்கா” என்று யாரையோ பிடித்து எழுதியிருந்தாள். இரண்டு பொம்பளைகள் பஸ் மாறி மாறி அவ்வளவு தூரம் போவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. லயமே போனால் போகலாம். அதுதான் என் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் கூடினோம். முதல் சிக்கல் கொழுந்து. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் அடுத்த கிழமை திரும்பவும் அதே மலைக்கு வந்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். அத்தனை பேருக்கும் ஒரே வாரம் லீவு கொடு என்றால் எந்தத் தோட்டத் துரை கொடுப்பார்? வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் கொழுந்து குறைவுதான், ஆனால் அந்தத் தூளுக்குத்தான் விலை. நான் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்கு, கீழ்க் கணக்குப் பெண்களிடம் போய்ப் பேசினேன். “எங்க மலைய நீங்க ஒரு கிழமை எடுங்க. நீங்க கதிர்காமம் போறப்ப ஒங்க மலைய நாங்க எடுக்கிறோம்.” அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். கங்காணி போய்ச் சொன்னதும் துரை ஒரு கேள்வி மட்டும் கேட்டாராம்: “எல்லாரும் திரும்பி வருவாங்களா?” கங்காணி அதைக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது சிக்கல் பஸ். பதுளை டவுனில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் பஸ் இருந்தது. அவரே ஓட்டுவார். கோயில் படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே ரோட்டைச் சொன்னார். ‘இருக்கு’ என்பது அவர் வாயில் ‘ஈக்கி’ என்று வரும்.

“மகியங்கனையால போய் மொத ராவு வவுனியால நிக்கிற. விடிய வெள்ளனயே ஆமி கேட்டுக்குப் போகணும். ரெண்டு பக்கமும் சோதன ஈக்கி. பின்னேரம் கேட்ட மூடிருவாங்க.”

“கிளிநொச்சி தாண்டி மூணு மைல் கட்டை உள்ள போகணும் நானா. என் தங்கச்சி வீடு” என்றேன்.

அவர் கிளாசைக் கீழே வைத்தார். “மெயின் ரோட்ட விட்டு ஒரு சாண் எறங்க மாட்டேன் உம்மா. ரெண்டு பக்கமும் மிதிவெடிக்கி மண்டையோட்டு போர்டு ஈக்கி. பஸ்ஸும் என்ட, உசிரும் என்ட.”

பக்கத்துக் காம்பிரா மதினி இதற்காகவே காத்திருந்த மாதிரி ஆரம்பித்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே சுவர், நாற்பது வருஷப் பேச்சு.

“அப்ப இது சாமி பயணம் இல்ல, மதினியோட தங்கச்சி வீட்டு விருந்துப் பயணம்னு சொல்லுங்க.”

“ஒன்ன யாருடி விருந்துக்குக் கூப்பிட்டா? நீ பஸ்ஸிலயே ஒக்காந்திரு.”

“ஒக்காந்திருக்கேன். தேரு மட்டும் தப்பிப் போச்சுன்னா ஒங்க கொண்டையத்தான் இழுப்பேன்.”

கடைசியில் என் மூத்த மகன் தீர்த்து வைத்தான். சின்னம்மாவை மெயின் ரோட்டுக் கோயிலடிக்கு வரச் சொல்லுவோம். பஸ் அங்கே நிற்கும். பிள்ளை அங்கே இறங்கி அவர்களோடு போகட்டும். நாம் யாழ்ப்பாணம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது அதே இடத்தில் ஏற்றிக்கொள்வோம். எல்லாரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். நான் வெற்றிலையைப் பார்த்தேன்.

மூன்றாவது விறகு. இதில்தான் இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறார்கள். அத்தனை பேருக்கு ஒரு கிழமை சமைக்க வேண்டும். தெரியாத ஊரில் போய் விறகுக்கு யாரிடம் நிற்பது? மலையிலிருந்து இறங்கும்போது ஒரு கட்டு விறகாவது இல்லாமல் நான் லயத்துக்கு வந்ததில்லை. அந்த வருஷம் எங்கள் மலையில் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை நாங்கள் மிலாறு என்போம். காய்ந்த மிலாறு மாதிரி எரிகிற விறகு கிடையாது. பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுக் கட்டாகக் கட்டி வந்தேன். வெலிமடை உருளைக்கிழங்கு இரண்டு மூட்டை, அண்டா, தண்ணீர்க் கேன், ஆளுக்கொரு கம்பளி. வெளியூரில் இரவு எப்படி இருக்குமோ என்று கம்பளி. நானா பஸ் கூரையைப் பார்த்தார்.

“உம்மா, இது டூரா, தோட்டத்த விட்டே போறீங்களா?”

“நீங்க வண்டிய ஓட்டுங்க நானா” என்றேன்.

துணிமணியைப் பொறுத்தவரை ஆளுக்கு மூன்று உடுப்பு என்று பேசிவைத்தோம். பிள்ளையின் பையை நான்தான் கட்டினேன். மூன்று உடுப்பு வைத்தேன். பிறகு தீபாவளிச் சேலையை வைத்தேன். பிறகு மற்றதையும் வைத்தேன். சிறு வயதில் போட்ட வெள்ளிக் கொலுசையும் துணிக்குள் சுருட்டி வைத்தேன். அலுமாரியில் அவள் தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. பெற்றவளிடம் போகிறவளுக்கு அங்கேயே இருக்க மனம் வந்தால், துணிக்காக அவள் திரும்பி வர வேண்டியதில்லை பாருங்கள். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பையை நானே தூக்கிக்கொண்டு போய் விறகுக்கு அடியில் போடச் சொன்னேன்.

முதல் இரவு வவுனியாக் கோயில் மண்டபத்தில் படுத்தோம். ஒருவருக்கும் கம்பளி தேவைப்படவில்லை, விரித்துப் படுத்தோம். விடிய கேட்டுக்குப் போனால் எல்லாச் சாமானையும் இறக்கு என்றார்கள். எல்லாம் என்றால் எல்லாம். விறகுக் கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு குச்சியாகப் பார்த்தார்கள். அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள், காட்டு ஊருக்குத் தேயிலை விறகு கொண்டுபோகிறவர்களை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின.

“நமக்கெல்லாம் அடையாள அட்டை இருக்கு. மதினி வெறகுக்குத்தான் எடுக்க மறந்துட்டாங்க” என்று பக்கத்துக் காம்பிராக்காரி சொன்னதும் வரிசையே சிரித்தது. ஒரு ஆமிக்காரப் பையனுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவனும் சிரித்தான்.

அப்போதுதான் பைகளின் முறை வந்தது. எல்லாருடைய பையும் சின்னது. பிள்ளையின் பையைத் திறந்தார்கள், துணி வந்துகொண்டே இருந்தது. தீபாவளிச் சேலை, ஸ்வெட்டர், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பெட்டி. கடைசியில் கொலுசு. பிள்ளை மேசைக்கு முன்னால் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னம்மா இது?”

“துணிதான்.”

“ஒரு கிழமைக்கு எதுக்கும்மா இத்தன துணி?”

வரிசையில் சிரிப்பு நின்றுபோனது. மதினி முன்னால் வந்து, சேலையை எடுத்து மடித்துப் பையில் திணித்தாள். “வெயிலுடி. வேர்க்கும். மாத்தி மாத்தி உடுத்துக்க” என்றாள். அவள் எனக்காகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி தாண்டிவிட்டது. காலையிலிருந்து என் தங்கை அங்கேயே நின்றிருக்கிறாள். கறுத்து, மெலிந்து, முன்பல் ஒன்று போய். பஸ்ஸிலிருந்து இளம்பெண்கள் இறங்க இறங்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிள்ளை என் பின்னால்தான் இறங்கினாள். நான் ஒதுங்கி நின்றேன். தங்கை கிட்ட வந்து, அவள் நெற்றியோரத்தில் இருந்த அம்மைத் தழும்பை விரலால் தொட்டாள். பிறகுதான் அழுதாள். பிள்ளை அழவில்லை. “வாங்க, நெழலுக்குப் போவோம்” என்று பெற்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விறகுக் கட்டு ஒன்றை இறக்கச் சொன்னேன்.

“இங்க வெறகுக்கா பஞ்சம்க்கா? சுத்திவர காடு” என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கட்டுக்கிட்டக் குனிந்து மோந்து பார்த்தாள். “மிலாறு!” என்றாள். பிறகு கயிற்றைச் சுருக்கி, உச்சந்தலையில் மாட்டி, கட்டை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தாள், கொழுந்துக் கூடை மாட்டுகிற அதே மாதிரி. பிள்ளை பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். செம்மண் ரோடு வளைகிற இடத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பஸ் நகர்ந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தேர் தப்பவில்லை. கீரிமலையில் எல்லாரும் இறங்கிக் குளித்தோம், கேணித் தண்ணீரும் பக்கத்திலேயே கடலும். நயினாதீவுக்கு வள்ளத்தில் போகும்போது மதினி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. “மதினி, அடியில என்ன இருக்கு?” என்று கேட்டாள். “தண்ணி” என்றேன். “அதுக்கும் அடியில?” என்றாள். பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எங்கள் கம்பளியைப் பார்த்துவிட்டு, “எங்கையிருந்து வாறியள்?” என்று கேட்டார். பதுளை என்றதும், “அங்கை குளிரெல்லோ, இஞ்சை என்னத்துக்கு உது?” என்றார். அந்த வள்ளத்தில் அலை தெறித்து எல்லாரும் நனைந்தபோது கம்பளி உதவியது. அதையும் எழுதிவைக்கிறேன். விறகும் உதவியது, ஒருவரிடமும் ஒரு குச்சி கேட்கவில்லை. ஆனால் கடலைப் பார்த்தபோதும் எனக்கு அந்தச் செம்மண் வளைவுதான் கண்ணில் நின்றது. பஸ்ஸில் என் பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. கூடையை வைத்திருந்தேன்.

திரும்பும்போது கோயிலடியில் நானா ஹாரன் அடித்தார். நான் இறங்கவில்லை. இறங்கினால் ‘வா’ என்று சொல்லிவிடுவேன், அப்படிச் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று இருந்தேன். தங்கை வந்தாள். கூடவே அவளுடைய இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். சின்னவள் எங்கள் தீபாவளிச் சேலையைத் தாவணி மாதிரி சுற்றியிருந்தாள். அதைப் பார்த்ததும், சரி, பிள்ளை அங்கேயே இருக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாகப் பிள்ளை வந்தாள். கையில் பையில்லை. ஓலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டான் இரண்டு மட்டும். பஸ்ஸில் ஏறி, என் பக்கத்துக் கூடையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“பை எங்கடி?”

“குடுத்துட்டேன். நீங்கதான அலுமாரியத் தொடச்சிக் கட்டிக் குடுத்தீங்க. அந்தப் புள்ளைங்களுக்கு நல்ல துணியே இல்லம்மா.”

“கொலுசு?”

“அது அம்மா கேட்டாங்கம்மா. குடுத்தேன்.”

அம்மா என்று தங்கையைச் சொன்னாள். என்னையும் அம்மா என்றாள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தது.

“அப்ப ஊருக்குப் போயி வேலைக்கு எத உடுத்திக்கிட்டுப் போவ?”

“ஒங்க சேலைய. பொங்கலுக்குத் திரும்ப வர்றேன்னு சொல்லியிருக்கேன், நீங்களும் வரணும். வெறகு மட்டும் வேணாம்மா.”

ஜன்னலுக்கு வெளியே தங்கை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையை நீட்டினேன். பஸ் நகரும்வரை பிடித்திருந்தாள். நானா கண்ணாடியில் பார்த்து, “எல்லாரும் ஈக்கியா உம்மா?” என்றார். ஈக்கி என்றேன், அவர் பேச்சிலேயே. வவுனியா வரைக்கும் மதினி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவ்வளவுதான். இப்போது கண் மங்கல், எழுதினதை நானே வாசிக்க முடியாது. அந்தப் பிள்ளையின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள்.

“ஏ புள்ள, கையத் தொடச்சிட்டு வா. இத மொதல்லருந்து வாசி. வளத்தது ஆறு பேருன்னுதான் எழுதியிருக்கேனான்னு பாரு.”