வெட்டக்கூடாத புல்

றோசலினுக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் வாய் அடைத்துப்போகும். அன்று காலை தோட்டத்து ஓடைக்கரையைக் கண்டதும் அப்படித்தான் ஆனது. இடுப்பளவு நின்ற புல் வழித்துத் துடைத்தாற்போல் வெட்டுண்டு கிடந்தது. புல்வெட்டும் மெசினைப் பிடித்தபடி புருஷன் தேவதாசன் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

“அரசாங்கக் கந்தோர் அதிகாரிமார் வாற நாளிலை காணி பத்தை பத்திக் கிடந்தா எங்களைப்பற்றி என்ன நினைப்பினம்? விடியவே வந்து வெட்டிப்போட்டன்.”

ஆள் வருகிறதென்றால் வளவைச் செருக்கித் துப்புரவாக்காவிட்டால் யாழ்ப்பாணத்து மனுசருக்குச் சோறு இறங்காது. ஆனால் வருகிறவர் பார்க்க வருவதே அந்தப் புல்லைத்தான். றோசலின் அதை நூறு தரம் சொல்லியிருந்தாள். பென்சனில் இருக்கும் மனுசன் காதைக் கொடுத்தால்தானே!

பத்தொன்பது வருடம் தையல் தொழிற்சாலையில் முதுகு ஒடிந்தவள் அவள். சனம் சிரிக்கச் சிரிக்க, ஐம்பது வயதில், பிரெஞ்சு பேசும் பியர்பொன்ட்ஸ் நகரின் மேற்கு எல்லையில் இந்தக் காணியைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரியும் பச்சைமிளகாயும் போட்டாள். ஓடையோரம் ஐந்து மீட்டர் அகலத்துக்கு உழாமலும், குருவிகள் குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை புல்லை வெட்டாமலும் விட்டால் அரசாங்கம் மானியம் தரும். குத்தகை கட்டுவது அந்தக் காசில்தான். ஒப்பந்தம் முறிந்தால் வாங்கிய மூன்று வருட மானியத்தையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். பிறகு காணியை மறந்துவிட வேண்டியதுதான்.

பத்து மணிக்குக் கார் வந்தது. “பொன்ஜூர்” என்று சிரித்தபடி இறங்கிய இளம் அதிகாரி கரையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போதுதான் தேவதாசனுக்கு விஷயம் விளங்கியது. முகம் வெளிறிப்போய், “பக்கத்துக் காணிக்காரன் பிழையா வெட்டினதெண்டு சொல்லும்” என்று மெல்லச் சொன்னார்.

றோசலின் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பாவமும் அறியாத அயலவனின் தலையில் பழியைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. வெட்டியது தன் புருஷன்தான் என்று பிரெஞ்சில் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

அதிகாரி படம் எடுத்துக்கொண்டே நடந்தாள். கரையின் கடைசியில் சட்டென்று நின்றாள். அங்கே ஒரு பாயளவு புல் வெட்டாமல் நின்றது. நான்கு தடி நட்டுச் சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தது.

“இதென்ன?” என்று கேட்டாள். றோசலினுக்கும் தெரியாது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“குருவி அடைகிடக்குது” என்றார் அவர். “அதுக்கு மேலாலை மெசினை விட ஏலுமே?”

அதை றோசலின் பிரெஞ்சில் சொன்னாள். அதிகாரி குந்தியிருந்து கூட்டை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

“என்னவாம்?”

“ஒப்பந்தத்தை முறிக்கேல்லையாம். இந்த வருசக் காசு வராது.”

“அப்ப குத்தகை?”

அவரைப் பிடித்து நாலு சாத்துச் சாத்தவேண்டும்போலவும் கட்டிப்பிடித்து அழவேண்டும்போலவும் இருந்தது அவளுக்கு. “நான் திரும்பத் தைக்கப் போறன்” என்றாள்.

தேவதாசன் மெசினின் திறப்புச் சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

“நீர் தோட்டத்தை விடாதையும். ரெஸ்டோரண்டிலை கோப்பை கழுவ ஆள் தேடீனம். நான் போறன்.”