காப்பர் வயர் கேஸ்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் அப்பா கூலி வேலை பார்த்தார். கிணற்று மோட்டாரின் காப்பர் வயர் காணாமல் போனதும் பண்ணைக்காரர் அப்பாமேல் புகார் கொடுத்தார். ஸ்டேஷனில் இரண்டு நாள் அடித்தார்கள். அப்புறம் பதினைந்து நாள் ஜெயில்.

அப்பா ஜாமீனில் வந்த பிறகுதான், வயரை எடுத்து விற்றது பண்ணைக்காரரின் அண்ணன் மகன் என்று தெரிந்தது. பண்ணைக்காரர் எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம், "எங்கூட்டுப் பையன் பண்ணிப்போட்டான், அம்மிணி. காலேஜ் படிக்கறவன். கேஸுன்னு போனா அவன் வாழ்க்கையே போயிரும்" என்றார்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரருக்கு வாழ்க்கை இல்லீங்களா?" என்றாள் அம்மா. அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

புகாரை அவர் திரும்பப் பெறவே இல்லை. வயரை எடுத்தது யாரென்று சொல்ல வேண்டி வருமே! மூன்று வருடம் அப்பா வாய்தாவுக்கு அலைந்தார். கடைசியில் எங்கள் வக்கீலே, "ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிரும்" என்றார்.

"ஆமாங்க, நான்தானுங்க எடுத்தேன்" என்று நீதிபதி முன் அப்பா கைகட்டிச் சொன்னபோது நான் பின்னால் நின்றிருந்தேன். அவர் பொய் சொல்லி அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

இன்றும் எங்கள் ஊரில் எது திருடுபோனாலும் போலீஸ் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது.